‘ஸ்பைக்’ என்பதற்குத் தமிழில் என்ன? பட்டறைக் கையேட்டுக்கு அவசரம்

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நரம்பியல் ஆய்வை அறிமுகப்படுத்தும் பட்டறைக்குக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் சோதனையே கரப்பான் பூச்சியின் கால்தான். பூச்சியைப் பனிநீரில் வைத்து மயக்கி, ஒரு காலை எடுத்து, அதில் இரண்டு குண்டூசிகளைச் செருகி ஆம்பிளிஃபயரோடு இணைப்பார்கள். காலிலுள்ள மயிரைத் தொட்டால் ஸ்பீக்கரில் பொரி பொரிவது போலச் சடசடவென்று கேட்கும். அதில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பைக், அதாவது நரம்பணுவில் ஒரு கணம் எழுந்து மறையும் மின்மாற்றம்.

இதற்குச் ‘செயல்நிலை மின்னழுத்தம்’ (ஆக்‌ஷன் பொட்டென்ஷியல்) என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஓய்வில் சுமார் -70 மில்லிவோல்ட்டில் இருக்கும் நரம்பணுச் சவ்வு, ஒரு மில்லிநொடி அளவுக்கு நேர்மின் பக்கம் தாவித் திரும்புவதை விளக்க அது போதும். ஆனால் “ஒரு நொடியில் எத்தனை செயல்நிலை மின்னழுத்தங்களை எண்ணினாய்?” என்று பிள்ளைகளைக் கேட்க வாய் வரவில்லை. ஸ்பைக் தொடர், ஸ்பைக் வீதம் என்று கூட்டுச்சொற்களும் காத்திருக்கின்றன. இப்போதைக்குத் ‘துடிப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

துடிப்பு, இதயத்துக்கும் நாடிக்கும் உரியதாகிவிட்டது அம்மா. ‘பொறி’ என்று வையுங்கள். தீப்பொறி என்றால் சட்டென்று தோன்றி மறைவது. ஐம்பொறி என்றால் புலனுறுப்பு. ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற குறளில் இருப்பது அதுதான். பொறித்தல் என்றால் பதித்தல். நினைவு பதிவதும் நரம்பணுக்களில்தானே? ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்ற இடத்தில் பரிமேலழகர் விதி என்று பொருள் கொள்கிறார். அது தனியே பேச வேண்டியது, ஆனாலும் ஒரே சொல்லில் இத்தனை ஆழம் வேறெங்கே கிடைக்கும்?

நரம்பியல் ஆய்வாளர், பெங்களூரு:

ஐயா, அத்தனை பொருள் இருப்பதுதான் சிக்கல். அதே கையேட்டில் நரம்புப் பொறியியலும் வருகிறது. காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேளாதோருக்குச் செவியில் பதிக்கும் கருவி) பற்றிய பக்கத்தில் “கருவி செவிநரம்பில் பொறியை எழுப்புகிறது” என்று எழுதினால் படிக்கிற பிள்ளை எதை நினைக்கும்?

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பாருங்கள். 1926-இல் ஏட்ரியன், சாட்டர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தவளைத் தசையிலிருந்து வரும் ஒற்றை நரம்பிழையைப் பதிவு செய்தார்கள். தசையை இழுக்கும் பளு கூடியபோது ஸ்பைக் பெரிதாகவில்லை, அடுத்தடுத்து நெருங்கி வந்தது. வலுவான தொடுகைக்கும் மெல்லிய தொடுகைக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 2006-இல் வெளியான ஆய்வில், கைகால் செயலிழந்த ஒருவர் மூளையில் பதித்த 96 மின்முனைகளின் துணையோடு கணினித் திரையில் சுட்டியை நகர்த்தியதும் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஆகவே நமக்கு வேண்டியது எண்ணக்கூடிய சொல். இதயம் படபடவென்றும் அடிக்கும், பலமாகவும் அடிக்கும். ‘துடிப்பு’ அந்தத் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடும். என்னைக் கேட்டால் ‘ஸ்பைக்’ என்றே விட்டுவிடலாம்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

நாங்கள் ‘நரம்புக் கணத்தாக்கம்’ என்றுதான் படிப்பிக்கிறோம். உயர்தர (ஏ/எல்) வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. கணப்பொழுதில் முடிவது என்பது சொல்லிலேயே இருக்கிறது. நீங்கள் நரம்பணு என்பதை நாங்கள் நரம்புக்கலம் என்கிறோம். ஒவ்வொரு கையேட்டுக்கும் புதுச்சொல் ஆக்கினால் இரு கரைப் பிள்ளைகளும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாசிக்க முடியாமல் போகும். இருப்பதை எடுங்கோ.

இலக்கண ஆர்வலர், கோவை:

முதலில் ‘நரம்பு’ மென்தொடர்க் குற்றியலுகரம். இரும்பு இருப்புப்பாதை ஆவது போல, மருந்து மருத்துப்பை ஆவது போல, ‘நரப்பு’ என்றே புணர வேண்டும். இனி சொல்லுக்கு வருகிறேன். பழைய பாட்டில் நரம்பு என்றால் பெரும்பாலும் யாழின் நரம்பு. தொல்காப்பியர் ‘நரம்பின் மறைய’ என்று இசைநூலைத்தான் சொல்கிறார். யாழ் நரம்பை விரலால் சுண்டுவதற்குப் பெயர் தெறித்தல். ஸ்பைக் என்பது ‘தெறிப்பு’. எண்ணலாம், கூட்டலாம். வினையும் கூடவே கிடைக்கிறது, நரம்பணு தெறிக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்:

சார், மென்தொடர்ச் சொல் எல்லாமே வேற்றுமையில் வன்தொடராகாது என்கிறது நன்னூல். நரம்புத்தளர்ச்சி என்று ஊரே சொல்கிறதே? தெறிப்பு எனக்குப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் ‘மண்டை தெறிக்குது’ என்றால் தலைவலி, ‘தெறி’ என்றால் பிரமாதம். கரப்பான் காலை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் பத்து நிமிடம் பாடம் நடக்காது. கணத்தாக்கம் அழகான சொல், ஆனால் எங்கள் பிள்ளைகள் தாக்கம் என்றால் பாதிப்பு என்று நினைப்பார்கள். துடிப்போடு ‘மின்’ சேர்த்து, “எல்லாம் ஒரே அளவு, எண்ணிக்கைதான் மாறும்” என்று கீழே ஒரு வரி போட்டால் போதாதா?

நரம்பியல் ஆய்வாளர், பெங்களூரு:

கூட்டுச்சொல் பற்றிய கவலை நமக்கு மட்டும் வந்ததல்ல. ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய நரம்பியலாளர் நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு ‘சின்டெஸ்ம்’ என்று பெயர் வைக்க நினைத்தார். அவர் எழுதிய அத்தியாயம் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலுக்கானது. ஃபாஸ்டர் கிரேக்க மொழி அறிஞர் வெரலைக் கேட்டார். அவர்தான் ‘சினாப்ஸ்’ தந்தார், அதிலிருந்து பெயரடை நன்றாகப் பிறக்கும் என்பது காரணம். 1897-இல் அச்சேறியது. அந்த அளவுகோலில் தெறிப்பு ஜெயிக்கிறது. ‘ஸ்பைக்’கை நான் விட்டுவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

நன்றி. எல்லாவற்றையும் பார்த்ததில் ‘மின்துடிப்பு’ என்றே முடிவு செய்கிறேன், அதுவும் நேரமாகிவிட்டதால். முதல் முறை வரும்போது பக்கத்தில் ஸ்பைக் என்றும் இருக்கும். சொற்பட்டியலில் கணத்தாக்கத்தையும் தெறிப்பையும் சேர்க்கிறேன். “எண்ணிக்கைதான் மாறும்” என்ற வரி கட்டம் போட்டு வரும்.

இலக்கண ஆர்வலர், கோவை:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ‘நியூரான் ஃபயர் ஆகிறது’ என்ற வாக்கியம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்குமே, அங்கே என்ன எழுதியிருக்கிறீர்கள்? “நரம்பணு மின்துடிக்கிறது” என்றா?