பழைய காலத்து நாடக போஸ்டர்: எங்கே தப்புகிறது?

சாட்ஸ்வொர்த்காரன்:
எங்கள் குழு அடுத்த மாதம் 'கடைசி மாலை' என்று ஒரு நாடகம் போடுகிறது. கதை 1950-களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியத் தொழிலாளர்கள் இருந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் நடக்கிறது, அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்புவதற்குக் கொஞ்சம் முன்பு. போஸ்டரும் அந்தக் கால அச்சு மாதிரியே வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பின்னால் பழுப்புக் காகிதம், கிழிந்த ஓரம், ஏழெட்டு கலர், எல்லாம் போட்டுப் பாட்டியிடம் காட்டினால், "என்னடா இது, பன்னி சௌ கடை மெனுவா?" என்கிறார் (பன்னி சௌ என்றால் குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் எங்கள் ஊர்ச் சாப்பாடு). ஏ3 அளவு. உதவுங்கள்.

மைக்கறை:
முதலில் அந்தப் பழுப்பை எடுங்கள் தம்பி. ஒட்டிய அன்றைக்கு அந்த போஸ்டர் புதுசுதானே, காகிதம் பழுத்ததெல்லாம் பிறகு. வெள்ளையோ வெளிர் மஞ்சளோ போதும். அப்புறம் இரண்டே மை: சிவப்பு, நீலம். ஒவ்வொரு கலருக்கும் காகிதத்தைத் தனியாக ஒருமுறை மெஷினில் ஓட்ட வேண்டும், கலர் கூடினால் செலவும் கூடும், அதனால்தான் அந்தச் சிக்கனம். டிசைன் மென்பொருளில் மேல் லேயரை 'மல்டிப்ளை'யில் (கீழே உள்ள கலரோடு கலந்து இருட்டாக்கும் முறை) வையுங்கள், இரண்டும் ஏறுகிற இடம் இருண்டு கிட்டத்தட்டக் கறுப்பாகி மூன்றாவது கலர் சும்மா கிடைக்கும். தனித்தனியாக ஓட்டும்போது கலர்கள் கொஞ்சம் விலகி விழும், அதனால் சிவப்பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளிவிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் நடிப்பது தெரிந்துவிடும்.

கோமதி அக்கா:
எழுத்தை யாரும் கவனிக்கவில்லையா? தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது 1978-இல். 1950-களின் போஸ்டரில் 'மாலை'யில் இருக்கும் லை இப்போதைய லை இல்லை, தும்பிக்கை மாதிரிச் சுழி வைத்த பழைய லை. ணை, ளை, னை, ணா, றா, னா எல்லாமே வேறு. யூனிகோடில் இதற்கெனத் தனிக் குறியீடு கிடையாது, ஃபான்ட்டில்தான் இருக்க வேண்டும். அப்படி ஃபான்ட் கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, அதன்மேல் பேனா டூலால் வரைந்துகொள்ளுங்கள்.

மைக்கறை:
அக்கா சொன்னது சரி. வாசகமும் முக்கியம். 'இரவு சரியாக 7 மணிக்கு', 'காணத் தவறாதீர்கள்' என்று வரிக்கு வரி எழுத்தளவை மாற்றி, இரண்டு ஓரமும் முட்டுகிற மாதிரி அடுக்குங்கள். கியூஆர் கோடு போட்டே ஆக வேண்டும் என்றால் கீழ் மூலையில், அதே நீலத்தில்.

சாட்ஸ்வொர்த்காரன்:
லை வரைந்துவிட்டேன். பாட்டி தடுமாறாமல் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற என் மகள்தான் 'மா' வரை வாசித்துவிட்டு நிற்கிறாள்.

கோமதி அக்கா:
பெரிய தலைப்பு பழைய எழுத்திலேயே இருக்கட்டும். நாள், நேரம், டிக்கெட் விவரம் புது எழுத்தில், கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அவளும் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாமா?