சத்து போதும்னு மண் பரிசோதனை சொல்லுது, கேரட் இலை ஓரம் கருகுது. உழவுல கோளாறா?

புழுதிக்கால்:
கேரட்டும் பீட்ரூட்டும் மாத்தி மாத்திப் போடுறேன். ஒவ்வொரு போகத்துக்கும் ரொட்டவேட்டர் (சுழல்கலப்பை) ரெண்டு சால் ஓட்டி, மண்ணைப் பொலபொலன்னு ஆக்கித்தான் விதைக்கிறேன். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ரெண்டும் போதுமானதுன்னு பரிசோதனை முடிவு வந்திருக்கு. ஆனா கேரட்ல அடி இலை ஓரம் மஞ்சளாகிக் கருகுது. கிழங்கு அரைச் சாண் இறங்கறதுக்குள்ள ரெண்டா மூணா கிளைச்சுடுது. ஒருத்தர் உழவையே விடுங்கறார், இன்னொருத்தர் போகம் தவறாம ஆழ உழச் சொல்றார். எதைக் கேக்கறது?

கடப்பாரை:
உரத்துல இப்போதைக்குக் கை வைக்காதீங்க. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, பக்கச் சுவர்ல மேலிருந்து கீழ வரைக்கும் கத்தி முனையால குத்திக்கிட்டே வாங்க. 10–15 செ.மீ. கிட்ட கத்தி முரண்டு பிடிச்சு, அதைத் தாண்டினதும் சுலபமா இறங்குச்சுன்னா, அது ரொட்டவேட்டர் போட்ட தளம், அதாவது இறுகிப்போன மண் அடுக்கு. ஒரே ஆழத்துல அடிச்சு அடிச்சு அடிமண்ணை மெழுகி வெச்சுடும்.

நைட்ரேட் (தழைச்சத்து) தண்ணியோட சேர்ந்து வேர்கிட்ட வந்துடும். மணிச்சத்து அப்படி வராது, மண்ணுல அது நகர்றதே சில மில்லிமீட்டர்தான். சாம்பல்சத்துக்கும் வேர்தான் பெரும்பாலும் பக்கத்துல போயாகணும். போதாததுக்குத் தளத்து மேல தண்ணி நின்னா வேருக்குக் காத்து கிடைக்காது, காத்தில்லாத வேர் சாம்பல்சத்தை இழுக்கத் திணறும். இலை ஓரம் கருகறது அதனாலயா இருக்கலாம். மண்ணுல என்ன இருக்குன்னு ஆய்வகம் சொல்லிடும். வேர் எதுவரைக்கும் போச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

மக்காத எரு, கல், நூற்புழு இருந்தாலும் கேரட் கிளைக்கும். நூற்புழு இருந்தா தெரியுற முடிச்சு சல்லி வேர்ல இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க.

மேட்டுப்பாத்தி:
நான் உழவைக் குறைச்ச ஆள். மரவள்ளி மணிச்சத்து எடுக்கறதே பெரும்பாலும் வேர்ப்பூஞ்சை (மைக்கோரைசா) தயவுலதான். உழ உழ அந்த இழையெல்லாம் அறுந்துபோகுது. கேரட்டுக்கும் அதே கதைதானே? உழவை விட்டுடுங்க.

கடப்பாரை:
மரவள்ளிக்கு ஒத்துக்கறேன், கேரட்டும் அந்தப் பூஞ்சையோட சேரும். ஆனா பீட்ரூட், முள்ளங்கி குடும்பங்கள் அதோட கூட்டே வெச்சுக்காது. அதுங்க வேர் தானே நேர்ல போனாத்தான் உண்டு. இன்னொண்ணு, உழாம விட்ட நிலத்துல மேலே போடுற மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மேல் 5 செ.மீ.லயே தங்கும். மேல்மண் காய்ஞ்சா பயிர் பட்டினி. இருக்கற தளத்தை உடைக்காம உழவை நிறுத்துறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

புழுதிக்கால்:
குழி வெட்டிட்டேன். 12 செ.மீ.ல கத்தி நின்னுது. சல்லி வேர் பூரா தளத்து மேல பாய் விரிச்ச மாதிரி பக்கவாட்டுல படுத்திருக்கு. ஒரே ஒரு வேர் மட்டும் மண்புழு ஓட்டை வழியா கீழ போயிருக்கு! முடிச்சு இல்ல. மழை பெஞ்ச கையோட உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாம ஆழமாக் கீறுற கலப்பை) ஓட்டினா சுலபமா இறங்கும்ல?

கடப்பாரை:
இறங்கும், பிரயோஜனம் இருக்காது. ஈரத்துல உளி ஒரு கீறல் போட்டுட்டுப் போயிடும். காய்ஞ்சிருந்தாத்தான் தளம் பாளம் பாளமா உடையும். தளத்து மண்ணை உள்ளங்கையில வெச்சு உருட்டுங்க. திரியா உருண்டா பொறுங்க, உதிர்ந்தா ஓட்டுங்க. உளி தளத்துக்குக் கீழ நாலு விரல் போனா போதும், உங்களுக்கு 20 செ.மீ. அதுக்கு மேல போறது டீசலுக்குக் கேடு. விதைக்காக மேல் 5 செ.மீ.யை மட்டும் பொடியாக்கிக்கங்க. டிராக்டர் சக்கரம் பாத்தி மேல ஏறினா உடைச்சதெல்லாம் திரும்ப அமுங்கிடும்.

ஆழ உழவு போகத்துக்குப் போகம் வேண்டாம். குழியில தளம் தெரிஞ்சா மட்டும். இந்தத் தடவை யூரியாவைக் கொஞ்சம் குறைங்க. கிளறின மண்ணுல மட்கு சிதைஞ்சு தழைச்சத்து தானா கொஞ்சம் வரும், அதுக்கு மேல போட்டா இலைதான் மதமதன்னு வளரும்.