சிங்கப்பூர் பயணம்: அம்மாவின் சிபிடி எண்ணெயைக் கொண்டு போகலாமா? உதவி தேவை

ஸ்கார்பரோ மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு. நோவு தாங்காமல் நடுச்சாமத்தில் எழும்பி உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடமாக நாக்குக்கடியில் நாலு சொட்டு சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ஒரு பொருள்) எண்ணெய் விட்டுத்தான் தூங்குகிறார். இங்கே கனடாவில் அனுமதி பெற்ற கடையில் வாங்கியதுதான். அடுத்த மாதம் சிங்கப்பூரில் அக்கா மகளுக்குக் கல்யாணம். வழியில் ஹாங்காங்கில் இரண்டு நாள் தங்குகிறோம். 30 மில்லி போத்தல் ஒன்றுதான். டாக்டர் கடிதம் இருந்தால் போதுமா? இல்லையென்றால் அக்கா முகவரிக்கு முன்கூட்டியே பார்சல் போடலாமா?

உட்லண்ட்ஸ்வாசி:
தயவுசெய்து இரண்டுமே வேண்டாம். நான் சிங்கப்பூரில்தான் இருக்கிறேன். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயில், அந்தச் செடியில் போதை தரும் பொருளான டிஎச்சி துளி இருந்தாலும் இங்கே அது 'ஏ' வகைப் போதைப்பொருள். கையில் வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை, 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியிலிருந்து கொண்டு வந்தால் அது இறக்குமதி. அதற்குக் குறைந்தபட்சமே 5 ஆண்டு. போத்தல் சின்னது என்பது இதில் உதவாது.

பார்சல் யோசனை இன்னும் மோசம். பெறுநர் இடத்தில் அக்கா பெயர் இருக்கும். கல்யாண வீட்டில் அதிகாரிகள் வந்து நின்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 'தெரியாது' என்றால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். பொருள் கையில் இருந்தால் தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நம் வேலை.

ஸ்கார்பரோ மகள்:
லேபிளில் டிஎச்சி 1 மில்லிகிராமுக்கும் குறைவு என்று இருக்கிறதே?

முன்னாள் ஹாங்காங்வாசி:
'குறைவு' என்றால் இருக்கிறது என்றுதானே பொருள்? அதோடு ஹாங்காங்கில் டிஎச்சி கணக்கே தேவையில்லை, சிபிடியே தடை. 2023 பிப்ரவரி 1 முதல் அது ஹெராயின், கோக்கைனோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. அதற்கு முன் சிபிடி காபியும் பியரும் கடையில் விற்ற ஊர் அது. அதனால்தான் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துப் பலர் ஏமாறுகிறார்கள். வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதம். கொண்டு வந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். நீங்கள் அங்கே இறங்கித் தங்கப் போகிறீர்கள், பெட்டி சுங்கத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

சிபிடியைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம், கொஞ்சம் டிஎச்சி ஒட்டிக்கொண்டேதான் வரும், சிபிடியே டிஎச்சியாக மாறவும் கூடும் என்பதுதான் அந்த அரசு சொன்ன காரணம்.

மிசிசாகா மருந்தாளர்:
இன்னொரு விஷயம். கனடாவிலிருந்து வெளியே எடுத்துப் போவதே குற்றம். 2018 அக்டோபர் 17-இல் கஞ்சா சட்டபூர்வமானது நாட்டுக்குள் மட்டும்தான். டாக்டர் சீட்டு இருந்தாலும் சிபிடி எல்லை தாண்டக் கூடாது. தபாலுக்கும் இதே விதிதான். பொட்டலத்தில் 'மூலிகைத் தைலம்' என்று எழுதினால் பொய் அறிவிப்பு என்று இன்னொரு குற்றமும் சேரும்.

அம்மாவின் டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். பூசும் ஜெல், பாரசிட்டமால் போன்றவற்றால் இரண்டு வாரம் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். தூக்க மாத்திரையோ கடுமையான வலி மாத்திரையோ எழுதிக் கொடுத்தால், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டுமா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
அக்கா சிங்கப்பூர்க் குடிமகளா, நிரந்தரவாசியா? அப்படியென்றால் அவர் டொரொன்டோ வரும்போதும் இதைத் தொடக் கூடாது. வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். திரும்பி வரும்போது சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம்.

ஸ்கார்பரோ மகள்:
ஐயோ, போன வருடம் அக்காவுக்கு முதுகு பிடித்தபோது அம்மா அதைத்தான் கொடுக்கப் போனார். நல்லவேளை, கசக்கும் என்று அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

போத்தலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். டாக்டரை வியாழக்கிழமை பார்க்கிறோம்.

மிசிசாகா மருந்தாளர்:
அம்மாவின் கைப்பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சிபிடி மிட்டாய், பூசும் களிம்பு, காலி போத்தல் எல்லாமே கணக்குத்தான்.

ஸ்கார்பரோ மகள்:
பார்த்தேன். பெரிய போத்தல் சுமக்க முடியாதென்று பழைய தைலக் குப்பி ஒன்றில் கொஞ்சம் ஊற்றி, விபூதிப் பையோடு சேர்த்து வைத்திருந்தார். நீங்கள் சொல்லாவிட்டால் அது அப்படியே விமானம் ஏறியிருக்கும். எல்லோருக்கும் மிக்க நன்றி.