பில்ட்-இன், இன்லைன் அசெம்பிளி: தமிழில் எப்படி எழுதுவது?

வகுப்பு எடுப்பவர், வெள்ளவத்தை:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கான குறிப்பை வெள்ளி பின்னேரத்துக்குள் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுக்க வேண்டும். ஒரு பந்தியில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஓர் எண்ணின் இரும வடிவில் எத்தனை 1 பிட் இருக்கிறது என்று பார்க்க, சி நிரலுக்குள் ப்ரோசஸர் கட்டளையை மேற்கோள்குறிக்குள் போட்டு எழுதலாம். அது இன்லைன் அசெம்பிளி. அதே வேலைக்கு ஜிசிசி, க்ளாங் என்ற தொகுப்பான்கள் (கம்பைலர்கள்) பொப்கவுண்ட் என்ற பில்ட்-இன்னை, அதாவது தமக்குள்ளேயே வைத்திருக்கும் சார்பு மாதிரியான ஒன்றை, தருகின்றன. முடிந்த இடத்திலெல்லாம் இரண்டாவதைப் பாவியுங்கள் என்பதுதான் பாடம். பிள்ளைகள் தமிழ்மொழிமூலம் படித்தவர்கள். தொகுப்பான், சார்பு எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு சொல் தாருங்கள்.

மாஸ்டர், பம்பலப்பிட்டி:

தம்பி, வீட்டிலேயே இருப்பதை ஏன் வெளியில் தேடுகிறீர்? இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நால்வகை படித்திருப்பீர். தம்பொருள் வழாமல் இசைப்பது இயற்சொல். தொகுப்பான் யாரும் விளக்காமலே புரிந்துகொள்கிறதென்றால் அது இயற்சொல்தானே? அசெம்பிளி வேறு நிலத்திலிருந்து வந்த திசைச்சொல். இன்டெல் ப்ரோசஸருக்கு ஒரு வழக்கு, ஆம் (ARM) ப்ரோசஸருக்கு இன்னொரு வழக்கு. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலம் மாதிரி.

கேர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) வேலை பார்ப்பவர், தெஹிவளை:

மாஸ்டர், வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திசைச்சொல் அந்தத் திசையாருக்காவது விளங்கும். இன்லைன் அசெம்பிளியைத் தொகுப்பான் விளங்கிக்கொள்வதே இல்லை. மேற்கோள்குறிக்குள் இருப்பதை அப்படியே, கட்டளைகளை எந்திரமொழியாக்கும் அசெம்பிளரிடம் தள்ளிவிடும். அதன் நீளத்தை மதிப்பிட ஜிசிசி செய்வதெல்லாம் புதுவரிகளையும் அரைப்புள்ளிகளையும் எண்ணுவதுதான். எந்த ரெஜிஸ்டர் (ப்ரோசஸருக்குள் உள்ள சேமிப்பிடம்) கெடும், நினைவகத்தைத் தொடுமா என்று நாங்கள் கொடுக்கும் பட்டியலை அப்படியே நம்பும். அதில் ஒன்றை விட்டுவிட்டால் தொகுப்பான் நிரலை மேம்படுத்தாத ஓ0 நிலையில் நன்றாக ஓடிவிட்டு, மேம்படுத்தும் ஓ2 நிலையில் உடையும். பிழை தேடினவர்களுக்குத் தெரியும் அந்த இரவு எப்படிப் போகும் என்று.

பில்ட்-இன்னுக்கு அர்த்தம் தெரியும். பொப்கவுண்ட்டுக்கு 255 கொடுத்தால் கட்டளையே எழுதாது, 8 என்று போட்டுவிட்டுப் போகும். இருந்தாலும் இயற்சொல் சரிவராது. ஐஏ32 என்று பெயரிலேயே உள்ள பில்ட்-இன்கள் எக்ஸ்86க்கு, அதாவது இன்டெல் வகை ப்ரோசஸர்களுக்கு மட்டுமே உரியவை.

மாஸ்டர், பம்பலப்பிட்டி:

அப்ப அவை இயற்சொல்லாகிப்போன திசைச்சொற்கள். மொழியில் நடக்காததா? அலமாரியும் சாவியும் போர்த்துக்கேயரோடு வந்தவை. இன்று யார் அவற்றை அந்நியம் என்கிறார்கள்? தமிழ்நாட்டில் நாற்காலி என்பது இங்கே கதிரை. அதுவும் போர்த்துக்கேயம்தான்.

மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை:

மாஸ்டர் கதிரையில் ஏறினால் இறங்க மாட்டார், விஷயத்துக்கு வருவோம். இன்லைன் அசெம்பிளிக்கு இடைச்செருகல் என்று வைத்தால் என்ன? ஏட்டில் பிறகு வந்தவர்கள் தம் பாட்டை நுழைத்ததை அப்படித்தானே சொல்கிறோம். பாடபேதம் பார்ப்பவருக்குத் தலையிடி கொடுப்பதிலும் இரண்டும் ஒன்றுதான். பில்ட்-இன்னுக்கு உள்ளுறை.

கேர்னல் வேலை பார்ப்பவர், தெஹிவளை:

இடைச்செருகல் என்றால் வேண்டாத வேலை என்று ஆகிவிடும். ப்ரோசஸரை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கான்டெக்ஸ்ட் ஸ்விச்சை பில்ட்-இன்னால் எழுத ஏலாது. கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களைத் தொடும் இடம் பலவற்றிலும் அசெம்பிளிதான் கதி. உள்ளுறை என்றால் சொல்லாமல் குறிப்பாக உணர்த்துவது. இது வெளிப்படையாகப் பெயர் சொல்லி அழைப்பது.

மாணவர், மருதானை:

சேர், அக்கா, கோபிக்காதீர்கள். பில்ட்-இன் என்றே எழுதுங்கள். பிழைச்செய்தியிலும் அதுதான் வருகிறது, கூகிளில் தேடுவதும் அதைத்தான்.

மாஸ்டர், பம்பலப்பிட்டி:

அப்ப சார்பை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்? அதையும் ஃபங்ஷன் ஆக்கிவிடும். கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். நாங்கள் கொழும்பில் இருந்துகொண்டு ஒரு பொப்கவுண்ட்டுக்கு மூச்சு வாங்குகிறோம்.

மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை:

இன்னொரு சிக்கல். மைக்ரோசாஃப்ட் இதே சங்கதியை இன்ட்ரின்சிக் என்கிறது. அவர்களுடைய 64 பிட் தொகுப்பான்கள் இன்லைன் அசெம்பிளியை ஏற்பதே இல்லை, ஆகவே அங்கே அந்த வழிதான். இரண்டு பெயருக்கும் தமிழில் ஒரே சொல் போதும் என்று நினைக்கிறேன். உள்ளமை சார்பு?

கேர்னல் வேலை பார்ப்பவர், தெஹிவளை:

சார்பு என்பதில்தான் எனக்கு இடறுகிறது. எழுதுவது சார்பு மாதிரி. ஆனால் பொப்கவுண்ட்டின் முகவரியை எடுக்கப் போனால், நேரடியாகத்தான் அழைக்க வேண்டும் என்று ஜிசிசி மறித்துவிடும். சில வேளை உண்மையான சார்பாகவும் மாறும். எக்ஸ்86 இல் அந்தக் கட்டளை உள்ள ப்ரோசஸர் என்று ஆப்ஷனில் சொல்லாவிட்டால், ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியில் உள்ள சார்பைக் கூப்பிடும். லிப்ஜிசிசி இல்லாமல் கேர்னல் கட்டினால், நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் அந்தச் சார்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். சில பில்ட்-இன்களுக்குப் பூச்சியத்தைக் கொடுப்பது இன்னொரு பொறி. முன்பக்கப் பூச்சியங்களை எண்ணும் clz என்ற பில்ட்-இன்னுக்கு 0 கொடுத்தால் விடை வரையறுக்கப்படவில்லை. இதையெல்லாம் குறிப்பில் எழுதுங்கள் தம்பி. சொல்லைவிட இதுதான் பிள்ளைகளுக்கு உதவும். சொல் உள்ளமை சார்பு என்றே இருக்கட்டும், களைத்துப்போனேன்.

வகுப்பு எடுப்பவர், வெள்ளவத்தை:

நன்றி அக்கா. உள்ளமை சார்பு, செருகு அசெம்பிளி என்று போடுகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் பக்கத்தில் பில்ட்-இன் என்றும் தமிழெழுத்தில் இருக்கும். உள்ளமை வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது என்று எடுத்துக்கொண்டேன்.

மாணவர், மருதானை:

எனக்குச் சரி சேர்.

மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை:

சரி.

மாஸ்டர், பம்பலப்பிட்டி:

ஒற்று விஷயத்தில் பிழையில்லை. மற்றதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. செருகு அசெம்பிளி பாதித் தமிழ், பாதி திசைச்சொல். அதைப் பார்த்த பிறகாவது நான் சொன்னது விளங்கியிருக்கும். பெரும்பான்மை உங்கள் பக்கம், நடத்துங்கள். ஆனால் ரெஜிஸ்டர் கெடும் பட்டியல் என்றீர்களே, அதற்குச் சொல் வைத்தாயிற்றா? கேடுறு பட்டியல் என்று எழுதி வைத்திருக்கிறேன், காரணத்தை நாளைக்கு விரிவாக அனுப்புகிறேன்.