சத்தான சாப்பாடு ஊருக்குள் போய்ச் சேர ஒரு சின்ன அறக்கட்டளை என்ன செய்யலாம்?

கேள்வி: ராசிபுரத்துக்காரி

வணக்கம். ராசிபுரம் பக்கத்து கிராமம் ஒன்றில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து சின்னதாக ஒரு அறக்கட்டளை நடத்துகிறோம். இதுவரை நோட்டுப் புத்தகம், மரக்கன்று என்று போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தோம், வந்த பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. ரேஷன் அரிசி இருப்பதால் யாரும் பட்டினி கிடையாது, ஆனால் தட்டில் சோறும் ரசமும்தான், கீரையும் பயறும் எப்போதாவது. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. மாதம் ஒரு சத்துமாவு பாக்கெட் இலவசமாகக் கொடுக்கலாமா, இல்லை சிறுதானியக் கடை வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மலையேறி

கொல்லிமலையில் சில வருடம் களப்பணி செய்தவன் நான், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். அங்கே மக்கள் சாமை, தினை எல்லாம் தாங்களே விதைத்துச் சாப்பிட்டவர்கள், அப்புறம் மெல்ல விட்டுவிட்டார்கள். மரவள்ளி போட்டால் ஜவ்வரிசி ஆலைக்காரர்களிடம் காசு கிடைத்தது, ரேஷனில் அரிசியும் வந்தது, இதெல்லாம் எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால் பெண்களோடு உட்கார்ந்து பேசினால் வேறொன்று வரும்: உமி. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம், சாமையை உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடிக்க வேண்டும். நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர் அதற்கு மேல் உலக்கை பிடிப்பாரா? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 90களில் இருந்து அங்கே வேலை செய்தபோது, விதை வங்கியோடு சேர்த்து உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊர்களுக்கே கொண்டுபோனது, அதை மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தது. சாமை நல்லது என்று அந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையே இல்லை, அரிசியாக்கத்தான் வழி இல்லாமல் இருந்தது.

அதனால் பாக்கெட் வாங்கும் முன் நாலு வீட்டுக்குப் போய், எந்த இடத்தில் சிக்குகிறது என்று கேளுங்கள்.

பதில் 2: கீரைக்கட்டு

கடை வேண்டாம் என்பது என் கருத்து. சிறுதானியக் கடையில் சாமை அரிசி விலைக்கும் ரேஷனில் சும்மா கிடைக்கும் அரிசிக்கும் எட்டாத தூரம், வசதியானவர்கள்தான் வந்து வாங்குவார்கள். அதுவும் வெள்ளை வெளேரென்று தீட்டியிருந்தால் தவிட்டோடு சத்தும் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்று, மாவாக அரைத்துக் கொடுத்தால், அதிலும் கம்பு மாவு, சில நாளிலேயே கசந்துவிடும். தானியமாகக் கொடுங்கள்.

ரத்தசோகைதான் உங்கள் கவலை என்றால் முருங்கைக்கீரை, கம்பு, பாசிப்பயறு போதும், கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் அந்த இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கும், இதை ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம், குடற்புழு மாத்திரையும் கேளுங்கள். புழுவை வயிற்றில் வைத்துக்கொண்டு கீரை தின்று பயனில்லை.

பதில் 3: செங்காடு

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கம் (Deccan Development Society) என்ற தொண்டு நிறுவனம் செய்ததைத் தேடிப் படியுங்கள். தரிசாகக் கிடந்த நிலத்தை உழ முன்பணம் கொடுத்தார்கள், அதைச் சோளமாகத் திரும்ப வாங்கி அந்தந்த ஊரிலேயே சேமித்தார்கள், எந்த வீடு ஏழை வீடு என்று ஊர்ப் பெண்களே உட்கார்ந்து முடிவு செய்து குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது 2019இல் அவர்களுக்குக் கிடைத்தது. உங்கள் 80,000த்தில் அவ்வளவு பெரிதாக முடியாது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்கள் எட்டுப் பேர் முடிவு செய்யாதீர்கள், அந்தப் பெண்களிடம் விடுங்கள்.

ராசிபுரத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மலையேறி அண்ணன் சொன்னபடி நேற்று ஆறு வீட்டுக்குப் போனோம். நாலு வீட்டில் ஒரே பதில். கீரைக்காரம்மா காலை பத்து மணிக்கு வருகிறார், அந்நேரம் இவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீடு திரும்ப ஆறரை, அப்போது கடையில் இருப்பது வாடிய தக்காளியும் அப்பளமும்தான். இத்தனை நாள் இவர்களுக்குக் கீரையின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. கீரை, பயறு, நெல்லிக்காய் வைத்து மாலை ஒரு தள்ளுவண்டி போடலாம் என்று பேசினோம், வண்டிக்கு மட்டும் எங்கள் பணம், வியாபாரம் அந்தக் கீரைக்காரம்மாவே பார்ப்பார். ஒரே சந்தேகம், காலையில் பறித்த கீரை மாலை வரை தாங்குமா?

கீரைக்கட்டு:

தாங்காது. மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து பறிக்கச் சொல்லுங்கள், ஈரச் சாக்கு போர்த்திக் கொண்டுவந்தால் ஏழு மணி வரை அப்படியே இருக்கும். முருங்கைக்கீரையைக் காம்போடு கட்டி வையுங்கள், உருவினால் சீக்கிரம் பழுத்துவிடும்.