தேம்ஸ் முகத்துவார மணல்களைக் கடப்பது: அரைப் பெருக்கிலா, உச்சப் பெருக்கிலா?

புதுப்பாய்:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 32 அடிப் பாய்ப்படகு, நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கி நிற்கும். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல்மைல்) வேகத்தில் சீராக ஓடும். எசெக்ஸில் குரௌச் ஆற்றின் கரையிலுள்ள பர்னமிலிருந்து கென்ட் கரையின் ராம்ஸ்கேட்டுக்குப் போக எண்ணியிருக்கிறோம். நேர்க்கோட்டில் அளந்தால் முப்பது கடல்மைல்கூட வராது. ஆனால் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளும் மணல்திட்டுகள் வழியை மறித்துக் கிடப்பதால் சுமார் நாற்பது மைல் ஓட வேண்டியிருக்கிறது. லாங் சாண்ட் திட்டைக் கடக்க ஃபிஷர்மன்ஸ் காட் என்னும் மிதவையிட்ட ஆழவழி உண்டு. அதற்கு முன்னால் வரும் சங்க் மணலின் தென்மேற்குப் பக்கத்து ஆழங்குறைந்த இடைவெளிதான் எங்களுக்குச் சிக்கல். அதை எந்த நேரத்தில் கடப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓதமானி:

மணலைப் பெருக்கில், அதாவது கடல்மட்டம் ஏறும் நேரத்தில், கடக்க வேண்டும், அதிலும் அரைப் பெருக்குக்கு முன்பின்னாகக் கடக்க வேண்டும் என்பது கிழக்குக் கரையில் படகோட்டுபவர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் விதி. அடி தட்டினாலும் சில நிமிடங்களில் நீர் ஏறி உங்களைத் தூக்கிவிடும். வற்றில், அதாவது நீர் இறங்கும்போது, தட்டினால் அடுத்த பெருக்கு வரும்வரை படகு சாய்ந்துகிடக்கும்.

கணக்கைப் பாருங்கள். வால்ட்டன்-ஆன்-த-நேஸில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரும் ஓதத்தில் தாழ்நீர் ஏறத்தாழ 0.4 மீட்டர், உயர்நீர் 4.2 மீட்டர். அட்டமியை ஒட்டிய சிறு ஓதத்தில் அவை 1.1, 3.4. முதல் மூன்று மணி நேரத்தில் நீர் முறையே மொத்த ஏற்றத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு ஏறும் என்ற பழைய கணக்கின்படி, பெருக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் பெரும் ஓதம் 1.35 மீட்டரையும் சிறு ஓதம் 1.7 மீட்டரையும் எட்டும். மூன்றாம் மணியின் முடிவில் இரண்டுமே 2.3 மீட்டருக்கு அருகில் நிற்கும். ஆகவே அரைப் பெருக்குக்கு முன் கடப்பவர்களுக்குச் சிறு ஓதமே அதிக நீர் தருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இடைவெளியில் வரைபடம் (மிகத் தாழ்ந்த ஓத மட்டத்துக்குக் கீழே) 1.0 மீட்டர் ஆழம் காட்டுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்றாம் மணியின் முடிவில் உங்கள் படகின் அடியில் ஒன்றரை மீட்டர் நீர் இருக்கும். அது போதும்.

பர்னமிலிருந்து வற்றோடு இறங்குங்கள். குரௌச் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் விட்டேக்கர் வாய்க்காலின் வெளிவாயைத் தாழ்நீரில் அடையுங்கள். பெருக்கின் மூன்றாம் மணியில் சங்க் மணலைத் தாண்டுங்கள்.

கரைவலை:

ஓதமானி அவர்கள் ஒரு மணல்திட்டைக் கடப்பதற்குத் திட்டம் சொல்லியிருக்கிறார். நண்பர் கேட்டதோ ராம்ஸ்கேட்டுக்குப் போகும் வழி.

சங்க் மணலிலிருந்து, ராம்ஸ்கேட்டுக்கு வடக்கிலுள்ள நார்த் ஃபோர்லாண்ட் முனை ஏறத்தாழ இருபது மைல். ஐந்து நாட் வேகத்தில் நான்கு மணி நேரம். அந்த முனையைச் சுற்றித் தெற்கே ஓடும் நீரோட்டம், டோவர் உயர்நீருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பே நின்று வடக்கே திரும்பிவிடுகிறது. வால்ட்டனில் உயர்நீர் டோவருக்கு அரைமணிக்குச் சற்று மேல் பிந்தி வருவதால், முகத்துவாரத்தில் பெருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் மீதமிருக்கும்போதே முனையில் உங்களுக்குச் சாதகமான ஓட்டம் முடிந்துவிடுகிறது. பெருக்கின் மூன்றாம் மணியில் சங்க் மணலை விட்டுப் புறப்படும் படகு ஏழாம் மணியில் முனையைத் தொடும். கடைசி நான்கைந்து மைலை எதிரோட்டத்தில் ஊர்ந்துதான் முடிக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் மணியில் கடந்தாலும் அதே கதிதான். அடியில் இருக்கும் நீரைக் குறைத்துக்கொண்டதைத் தவிர அந்த அவசரத்தால் வேறு பலன் இல்லை.

மாறாக, உயர்நீருக்கு முந்தைய மணியில் கடந்து பாருங்கள். சிறு ஓதமாக இருந்தாலும், அதே 1.0 மீட்டர் இடத்தில் படகின் அடியில் இரண்டே கால் மீட்டருக்குக் குறையாமல் நீர் இருக்கும். பெரும் ஓதத்தில் மூன்று மீட்டர். நான்கு மணி நேரம் கழித்து முனையை அடையும்போது அங்கே ஓட்டம் மறுபடி தெற்கே திரும்பிக்கொண்டிருக்கும். ‘பெருக்கில் மட்டும்’ என்ற விதியையும் நீங்கள் மீறவில்லை. பெருக்கின் கடைசிப் பகுதியைப் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவே.

ஓதமானி:

கரைவலை ஐயா, பர்னமிலிருந்து விட்டேக்கர் வெளிவாய் வரை பதினொரு மைலுக்குக் குறையாத தூரத்தைப் பெருக்கை எதிர்த்து ஓட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பெரும் ஓதத்தில் அது பாயை நம்பிச் செய்யக்கூடிய காரியம் அன்று. விடியற்காலையிலிருந்து எஞ்சின் சத்தம்தான் கேட்கும். இன்னொன்றும் உண்டு. சங்க் மணலின் சில பகுதிகள் வற்றில் நீருக்கு மேலே தெரிபவை. உச்சப் பெருக்கில் எல்லாத் திசையிலும் ஒரே நீர்ப்பரப்பு. திட்டின் விளிம்பில் உடையும் அலை இராது, நிறமாற்றம் இராது. பனிமூட்டத்திலோ எஞ்சின் நின்றோ வழிவிலகி, அந்த நேரத்தில் மேட்டில் ஏறினால், மூன்று மீட்டருக்கும் மேலான நீர் உங்களை விட்டு இறங்கும். ஓதம் நாளுக்கு நாள் சிறுத்து வரும் வாரமாக இருந்தால், அடுத்த பெருக்கு உங்களைத் தூக்காமலும் போகலாம்.

கரைவலை:

எதிரோட்டம் உண்மைதான், அதற்காக ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். ஆனால் உங்கள் திட்டத்திலும் தாழ்நீரிலிருந்து மூன்றாம் மணிவரை திறந்த கடலில் சும்மா காத்திருக்கும் நேரமும், முனையில் ஊர்ந்து கழிக்கும் நேரமும் இருக்கின்றனவே! இரண்டையும் கூட்டினால் கப்பல்துறை முதல் கப்பல்துறைவரை கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அரைப் பெருக்கில் ஓட்டம் உச்ச வேகத்தில் இருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அது தென்மேற்காக, படகுக்குக் கிட்டத்தட்டக் குறுக்காக ஓடுகிறது. இரண்டு நாட் குறுக்கோட்டத்தில் ஐந்து நாட் படகு கோட்டை விட்டு விலகாமலிருக்க, முகப்பைச் சுமார் 24 பாகை ஓட்டத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். எதிரே உள்ள மிதவையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர், முகப்பு எப்போதும் மிதவையை நோக்கியே இருக்க, வில்போல் வளைந்து மணலின் மேலேயே இறங்கிவிடுவார். கடந்துவந்த மிதவையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால்தான் விலகல் தெரியும். அங்கே தென்மேற்குக் காற்றும் அடித்தால், காற்றும் ஓட்டமும் மோதி ஆழமற்ற நீரில் குறுகிய, செங்குத்தான அலை எழும். உயர்நீரை நெருங்க நெருங்க ஓட்டம் தளர்கிறது, அலையும் அடங்குகிறது.

நீராழி:

இருவரும் சென்டிமீட்டர்வரை கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கின் அடித்தளமே நகரக்கூடியது. கப்பலில் மேட்டாக (கப்பல் அதிகாரியாக) வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரைபடத்தில் உள்ள ஆழம், அந்த இடத்தை அளந்தவர்கள் அளந்த நாளின் ஆழம் மட்டுமே. ஒரு காலத்தில் பெரிய கப்பல்கள் போய்வந்த நார்த் எடின்பரோ வாய்க்கால் தூர்ந்துபோய், அந்தப் போக்குவரத்து ஃபிஷர்மன்ஸ் காட் பக்கம் மாறியது இதே மணல்களில்தான். கலங்கரை விளக்கங்களையும் மிதவைகளையும் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு மிதவைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

நீர்மட்டமும் அட்டவணைக்குக் கட்டுப்பட்டதன்று. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழும். வழக்கமான 1013-க்குப் பதில் 1033 காட்டும் தெளிந்த நாளில், எல்லோரும் கடலுக்குப் போகத் துடிக்கும் அந்த நாளில், இருபது சென்டிமீட்டர் ஏற்கெனவே போய்விட்டது. வட கடலின் தென்பகுதியில் பலத்த தென்மேற்குக் காற்று நீடித்தால் மட்டம் அதைவிட நிறையவே இறங்கக்கூடும். அலையின் பள்ளத்தையும் கழியுங்கள்: ஒரு மீட்டர் அலை என்றால் அரை மீட்டர். ஓதமானி சொல்லும் ஒன்றரை மீட்டரில் எவ்வளவு மிஞ்சும்?

மணல்தானே, மெத்தென்று உட்காரலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 1875 டிசம்பரில் டாய்ச்லாண்ட் என்ற நீராவிக் கப்பல் இதே முகத்துவாரத்தின் வெளிவிளிம்பிலுள்ள கென்டிஷ் நாக் திட்டில் ஏறி, உதவி வரும்வரை அலையில் அடிபட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலையில்லாத நாளில் மணல் மெத்தைதான். அலையிருந்தால் படகு தூக்கித் தூக்கிக் குத்தப்படும்.

சங்க் மணலின் வடகிழக்கு முனையைச் சுற்றிப் போய், லண்டன் அரே காற்றாலைகளின் 175 தூண்களுக்கு ஊடாகச் செல்லும் ஃபோல்ஜர்ஸ் காட் வழியாக இறங்கலாம். கூடுதலாகப் பத்து மைலுக்கு மேல் ஆகும். இந்தச் சங்க் மணல் கணக்கு எதுவுமே தேவைப்படாது.

ஓதமானி:

பத்து மைல் என்பது இந்தப் படகுக்கு இரண்டு மணி நேரம், நீராழி ஐயா. சங்க் மணலுக்கும் லாங் சாண்டுக்கும் இடையிலுள்ள பிளாக் டீப் வாய்க்காலில் அந்தத் தூரம் முழுக்கப் பெரிய கப்பல்களின் பாதையை ஒட்டி ஓட வேண்டும். இருபது மீட்டருக்குக் குறைந்த படகு, வாய்க்காலுக்குள் மட்டுமே ஓடக்கூடிய கப்பலுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பது மோதல் தவிர்ப்பு விதிகளின் ஒன்பதாம் விதி. எங்கள் இருவர் திட்டத்திலும் அந்தப் பாதையை நெடுகத் தொடராமல் செங்குத்தாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் கழிக்க வேண்டியவற்றைக் கழித்த பிறகே போதுமா என்று பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். புறப்படும் முன் ஹார்விச் அல்லது ஷீர்னஸ் துறைமுகத்தின் ஓத அளவுக் கருவி காட்டும் நேரடி நீர்மட்டத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால், அன்று கடல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கரைவலை:

பாக்கு நீரிணையில் ஒரு மீட்டருக்கும் குறைவான வற்றுப்பெருக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்த இடத்தில் கடிகாரம்தான் முதல் கருவி என்பது உறைக்கக் கொஞ்சம் காலமாகும். அந்தக் கடிகாரத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இந்தக் கரையில் பெரும் ஓத நாட்களில் உயர்நீர் நண்பகலையொட்டி வரும். சிறு ஓத நாட்களில் காலை, மாலை ஆறு ஏழு மணிக்கு வரும். என் திட்டத்தைப் பெரும் ஓத நாளில் நடத்தினால், காலை ஆறரைக்குப் புறப்பட்டு, நண்பகலுக்குச் சற்று முன் சங்க் மணலைக் கடந்து, ஐந்து மணி அளவில் ராம்ஸ்கேட்டில் இருக்கலாம். சிறு ஓத நாளில் அதே திட்டம் உங்களை இரவு பத்து மணிக்கு மேல் அறிமுகமில்லாத துறைமுக வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஓதமானி:

அப்படியானால் சிறு ஓத நாளில் என் திட்டம்தான்! தாழ்நீர் நண்பகலுக்குச் சற்றுப் பின்னால். பிற்பகல் மூன்றரையை ஒட்டி மணலைக் கடக்கலாம். முனையில் எதிரோட்டமும் பாதி வலுவில்தான் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு உள்ளே போய்விடலாம்.

கரைவலை:

ஜூனில் போகலாம். செப்டம்பர் கடைசியில் அந்த ஒன்பது மணி கும்மிருட்டு.

நீராழி:

எந்த நாளானாலும், திரும்பும் எண்ணைப் புறப்படும் முன்பே எழுதி வையுங்கள். கணக்கின்படி சங்க் மணலுக்கு வடமேற்கே உள்ள பாரோ டீப் வாய்க்கால் பக்க விளிம்பில் எக்கோ சவுண்டர் (ஆழமானி) எவ்வளவு காட்ட வேண்டுமோ, அதைவிட அரை மீட்டர் குறைவாகக் காட்டினால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டால், அந்த இடத்தில் நின்று உடன் வருபவரோடு வாக்குவாதம் செய்ய வேண்டியிராது. 2002 ஜூலையிலிருந்து பிரிட்டனில் சிறு படகுகளுக்கும் பயணத் திட்டம் சட்டப்படி கட்டாயம். மாற்றுத் துறைமுகத்தையும் அதில் குறித்து வையுங்கள். புதுப்பாய் அவர்களே, எந்த வாரத்தில் போகிறீர்கள்?

புதுப்பாய்:

ஜூலை இரண்டாம் வாரம் என்று நினைத்திருந்தோம், ஐயா. நாட்காட்டியில் பிறை பார்த்துவிட்டுத் தேதியைப் பிறகு எழுதுகிறேன்.