பொருள்: ஐந்து நாளுக்கு ஒருமுறை பந்து வீசுகிறவருக்கு என்ன பெயர்?

திங்கள், 11 டிசம்பர் 2023
த., ஸ்காபரோ

குழுவினருக்கு வணக்கம். வியாழன் இரவுக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

எங்கள் சமூக மாத இதழில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவன் நான். தை இதழுக்கு ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்பால் அணியின் அடுத்த ஆண்டுப் பந்துவீச்சைப் பற்றி ஒரு கட்டுரை. போன வெள்ளிக்கிழமை அனாஹெய்மிலிருந்து புறப்பட்ட ஒரு விமானத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த பைத்தியங்களில் நானும் ஒருவன். விமானம் வந்தது, எங்கள் அணிக்கு வருவார் என்று நம்பிய ஜப்பானிய நட்சத்திரம் ஒத்தானி வரவில்லை. மறுநாள் 70 கோடி டொலருக்கு டாட்ஜர்ஸ் பக்கம் போய்விட்டார். சரி, முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனிதர், 2024ல் எப்படியும் பந்து வீசப் போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

ஆக, பழைய ஆட்களேதான். காஸ்மன், பாசிட், பெரியோஸ், கிகூச்சி நால்வரும் உறுதி. 2023ல் 162 ஆட்டங்களில் 128ஐ இந்த நால்வரே தொடங்கினார்கள். ஐந்தாவது இடம் யாருக்கு என்பதுதான் கட்டுரை. மனோவா பழையபடி எழும்புவாரா? ஒப்பந்தம் முடிந்துபோன ரியூவைத் திரும்பக் கூப்பிடுவார்களா? டீட்மன் என்ற 21 வயது இடதுகைப் பையனை மேலே கொண்டுவருவார்களா?

கட்டுரை எழுதி முடித்தாயிற்று, சொல்தான் இல்லை. ‘ஸ்டார்ட்டிங் பிட்சர்’ என்பதை ‘ஆரம்பப் பந்துவீச்சாளர்’ என்று போட்டு அப்பாவிடம் காட்டினேன். துடுப்பாட்டத்திலேயே, அதாவது கிரிக்கெட்டிலேயே, ஊறிய மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “அஞ்சு பேர் எப்பிடியடா ஒண்டா ஆரம்பிப்பாங்கள்? ரெண்டு முனைதானே இருக்கு?”

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்கு: ஒரு அணியில் இப்படி ஐந்து பேர். இன்றைக்கு ஒருவர் ஆட்டத்தைத் தொடங்கி, ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறு வீசுவார். அப்புறம் நான்கு நாள் அவருக்கு வேலை கிடையாது, வாங்கில் இருந்து சூரியகாந்தி விதை கொறிக்கலாம். ஐந்தாம் நாள் மறுபடி அவர். இந்த ஆளுக்கு என்ன பெயர்?

திங்கள், 11 டிசம்பர்
கி., பாஸ்டன்

பிட்சர் என்றே விடுங்கள். பஸ்ஸும் காரும் வந்தபோது தமிழ் செத்துப்போகவில்லை. தவிர, நான் ரெட் சாக்ஸ் ரசிகன். உங்கள் அணியின் ஐந்தாவது ஆளுக்குப் பெயர் வைப்பதைவிட ஆளைத் தேடுவது நல்லது.

செவ்வாய், 12 டிசம்பர்
அ., மார்க்கம்

கி. சொல்வது பெரியவர்களுக்குச் சரி, வகுப்பறைக்கு உதவாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘எனக்குப் பிடித்த வீரர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் ‘பிட்சர்’ என்ற சொல்லைக் கைப்பேசியில் தேடிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான்: “காஸ்மன் ஒரு சிறந்த குடம். இந்தக் குடம் 237 பேரை ஆட்டமிழக்கச் செய்தது.”

எண் சரிதான், அமெரிக்க லீக்கிலேயே அதிகம். அதனால் மதிப்பெண் குறைக்கவில்லை. ஆனால் எனக்கும் சொல் வேண்டும்.

செவ்வாய், 12 டிசம்பர்
ந., மதுரை

அன்புடையீர், ‘பிட்சர்’ என்று அச்சிட்டால் இங்கே பாதிப்பேர் சினிமா விமரிசனம் என்று நினைத்துப் படிப்பார்கள். எனவே அது வேண்டாம்.

முதலில் வினையைத் தீர்மானிப்போம். எறிதலா, வீசுதலா? இன்று எறிதல் என்றால் விட்டெறிதல். சங்கப் புலவர்க்கு அது வெட்டுதல், தாக்குதல். “களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே” என்று பொன்முடியார் பாடியபோது (புறம் 312) அந்தக் காளை யானை மேல் பந்து எதையும் போடவில்லை. இந்தக் கணக்கில் மட்டை பிடித்து நிற்பவரே எறிநர். வீசுதலோ விசை, விசிறு, விசிறி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வரையாது வழங்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆகவே வீசுநர். தயவுசெய்து ‘வீசுனர்’ என்று எழுதாதீர்கள். பேருந்துக்குப் பேருந்து ‘ஓட்டுனர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து முப்பது ஆண்டுகளாக வயிறெரிகிறேன்.

அடுத்து அடைமொழி. படையின் முன்னணிக்குத் தமிழில் தார், தூசி என்று பெயர்கள் உண்டு, பின்னணிக்குக் கூழை. “தார்தாங்கிச் செல்வது தானை” என்பது வள்ளுவர் (767). தொல்காப்பியத்தில் ‘வருதார் தாங்கல்’ என்றே ஒரு துறை. எனவே ஆட்டத்தைத் தொடங்குபவர் தார்வீசுநர், பின்னால் வந்து முடிப்பவர் கூழைவீசுநர். ஒரே உவமைக்குள் இரண்டு சொல் அடங்கிவிட்டன.

செவ்வாய், 12 டிசம்பர்
கி., பாஸ்டன்

ஐயா, தார்வீசுநர் என்றால் எங்கள் கோவைப் பக்கம் ரோடு கான்ட்ராக்டர். கூழை என்றதும் கும்பிடுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் வீசுதல் வரையாது வழங்குதல் என்பதை ஏற்கிறேன், மனோவாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. 2022ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு மூன்றாவதாக வந்த ஆள். 2023 ஜூனில் ஃப்ளோரிடாவில் கடைசிப் படியிலுள்ள பயிற்சி லீகுக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ்கூட முடிக்காமல் 11 ஓட்டம் வழங்கினார். கடையெழு வள்ளல்களோடு எட்டாவதாகச் சேர்த்துவிடலாம்.

செவ்வாய், 12 டிசம்பர்
த., ஸ்காபரோ

மனோவாவைப் பற்றி இப்படிப் பேச வேண்டாம். 2023ல் முதல் நாள் ஆட்டத்தையே அவரிடம்தான் கொடுத்தார்கள். நிறைகுடமாக இருந்தவர், ஒரு வருடம் தளும்பிவிட்டார், அவ்வளவுதான். (குடம் பரவாயில்லை போலிருக்கிறதே.)

‘வீசுநர்’ பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் வாசகருக்கு ‘பந்துவீச்சாளர்’ என்ற சொல் கைக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஒன்று?

செவ்வாய், 12 டிசம்பர்
அ., மார்க்கம்

ஏனென்றால் அது துடுப்பாட்டச் சொல், வேறு வேலையைக் குறிக்கிறது. நான் எறிவாளர் பக்கம். இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டாரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை நோபால் என்று அறிவித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘எறிகிறான்’ என்பது வசைச்சொல். முரளி 800 விக்கெட் எடுத்து ஓய்வு பெற்ற பிறகும், பக்கத்து வீட்டு மாமா “எறிஞ்சுதானே எடுத்தவன்” என்று சொல்லப்போய் இரண்டு குடும்பமும் ஒரு தீபாவளி முழுக்கப் பேசவில்லை. துடுப்பாட்டத்தில் மடங்கிய முழங்கையை நீட்டி வீசினால் குற்றம். இங்கே முழங்கையை மடக்கி நீட்டினால்தான் பந்தே போகும். அந்தக் குற்றம்தான் இந்த ஆட்டத்தில் தொழில். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பிள்ளைகள் எதை எப்படிப் பிரித்து அறிவார்கள்?

செவ்வாய், 12 டிசம்பர்
த., ஸ்காபரோ

அக்கா, வாதம் சரி. ஆனால் அப்பா படிக்கும் பக்கத்தில் ‘எறிவாளர்’ என்று அச்சடிக்க எனக்குத் துணிவில்லை.

புதன், 13 டிசம்பர்
கி., பாஸ்டன்

ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் ஒழுங்காக யோசித்தேன். எறிவதா வீசுவதா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கே இல்லை, ‘தொடக்கம்’ என்பதில் இருக்கிறது.

2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கியது. மறுநாளும் அவரே. பத்து ஆண்டாகக் கடைசி இன்னிங்ஸ்களில் வீசிவந்தவர், அதுவரை ஒரு ஆட்டத்தையும் தொடங்கியதில்லை. அந்த இரண்டு நாளும் தொடங்கினார். ஆனால் அவரை யாரும் ஸ்டார்ட்டர் என்று சொல்லவில்லை, ‘ஓப்பனர்’ என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மறுபக்கம் உங்கள் அணி. இந்த அக்டோபர் 4, மினசோட்டாவுடன் இரண்டாம் ஆட்டம். பெரியோஸ் மூன்று இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசிவிட்டு, நான்காவதில் நான்கு தவறான பந்து வீசி ஒருவரைத் தளத்துக்கு அனுப்பியதும் 47 பந்தோடு எடுத்துவிட்டார்கள். உள்ளே வந்தவர் கிகூச்சி. ஆண்டு முழுக்க 32 ஆட்டம் தொடங்கியவர், அன்று நடுவில் வந்தார். அதற்காக அவர் ஸ்டார்ட்டர் இல்லாமல் போய்விடவில்லை.

ரோமோ தொடங்கினார், ஸ்டார்ட்டர் இல்லை. கிகூச்சி ஸ்டார்ட்டர், தொடங்கவில்லை. ஒன்று அன்றைய வேலை, மற்றது நிலை. ‘தொடக்க வீச்சாளர்’ என்ற பெயர் ரோமோவுக்குத்தான் போக வேண்டும். ஐந்து பேருக்கும் வேறு சொல் பாருங்கள். ‘சுழற்சி வீச்சாளர்’ எப்படி?

புதன், 13 டிசம்பர்
த., ஸ்காபரோ

அந்த 47 பந்தை நினைவுபடுத்தியிருக்க வேண்டாம். 2–0 தோல்வி, அதோடு ஆண்டே முடிந்தது. நான் அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாகனத் தரிப்பிடத்தில் போய் நின்றேன். ராய் ஹாலடே 2003ல் ஒன்பது ஆட்டங்களைத் தானே தொடங்கித் தானே முடித்த ஊர் இது.

‘சுழற்சி’ கூடாது. அப்பாவிடம் கேட்காமலே சொல்வேன், “ஐந்து பேரும் சுழற்பந்து வீச்சாளரோ?” என்பார்.

புதன், 13 டிசம்பர்
ப., தேனி

இந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. மடல்களை மட்டும் படிக்கிறேன். இவ்வளவு நேரம் தேடுகிற சொல் எங்கள் வாய்க்காலில் கிடக்கிறது.

பெரியாறு–வைகைப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத் திறப்பார்கள். முறைப்பாசனம் என்று நாளிதழிலேயே வரும். உன் முறை வரும்வரை மடைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. வந்துவிட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். கோவில் பூசையும் அப்படித்தான், இந்த மாதம் இவர் முறை, அடுத்த மாதம் அவர் முறை. உங்கள் ஐந்து பேர் கதை இதுதானே? இன்றைக்குக் காஸ்மன் முறை, நாளைக்குப் பாசிட் முறை. கிகூச்சி அன்றைக்குத் தன் முறை இல்லாத நாளில் மடை திறக்கப் போனார், வயல் கெட்டது.

முறைவீச்சாளர் என்று வையுங்கள். ஐந்து பேர் வரிசைக்கு வெறும் ‘முறை’ போதும். மனோவா முறையில் இருக்கிறாரா, இல்லையா?

புதன், 13 டிசம்பர்
கி., பாஸ்டன்

அடடா. நான் கட்சி மாறுகிறேன்.

புதன், 13 டிசம்பர்
அ., மார்க்கம்

நல்ல சொல்தான். ஆனால் முறைமாமன், முறைப்பெண் வரிசையில் முறைவீச்சாளர் வந்து நின்றால் வகுப்பில் ஒரே சிரிப்பாகிவிடும். முறைத்துப் பார்த்து வீசுகிறவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

புதன், 13 டிசம்பர்
கி., பாஸ்டன்

மேட்டில் நின்று முறைப்பது அந்த வேலையில் பாதி. அது குறையே இல்லை.

புதன், 13 டிசம்பர்
ந., மதுரை

முறை என்றால் நீதி. “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்” (388). பந்து வீசுகிறவரை நீதிமான் ஆக்கப் பார்க்கிறீர்கள். வாய்க்கால் வழக்கை மறுக்கவில்லை, ஆனால் தாருக்கு இருக்கும் போர்க்களச் சாயல் இதில் இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

புதன், 13 டிசம்பர்
ப., தேனி

கேட்க மறந்தேன். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு ‘புல்பென்’ என்று காளையின் பெயர் இருக்கிறதாமே. தொழுவம் என்று போடுங்கள். கதவு திறந்து ஆள் ஓடிவருவதைப் பேரன் கைப்பேசியில் காட்டினான். அசல் வாடிவாசல்.

வியாழன், 14 டிசம்பர்
ந., மதுரை

முல்லைக்கலியில் ஏறுகளைப் புகுத்தும் இடம் ‘தொழு’. அதுவே போதும், ‘வம்’ எதற்கு?

வியாழன், 14 டிசம்பர்
த., ஸ்காபரோ

இரவு ஒன்பது மணி. வடிவமைப்பவர் இரண்டு தடவை அழைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தேன். முறைவீச்சாளர்: ப., கி., அரை மனதோடு நான். எறிவாளர்: அ. அக்கா. தார்வீசுநர்: ந. ஐயா. முதல் தடவை வரும் இடத்தில் “ஐந்து நாளுக்கு ஒருமுறை பந்து வீசும் முறைவீச்சாளர்” என்று விளக்கிவிட்டேன்.

ஐவரில் முதல்வரைச் சொல்லும் ‘ஏஸ்’ என்பதற்குத் ‘துரும்பு’ என்று போட்டிருந்தேன், கடைசியில் எடுத்துவிட்டேன். 304 விளையாடிய எங்கள் ஆட்களுக்கு ஏஸ் பெரிய சீட்டே இல்லை. ஜாக்குக்கு 30, ஏஸுக்கு வெறும் 11. காஸ்மனுக்கு அது அவமானம்.

செவ்வாய், 2 ஜனவரி 2024
த., ஸ்காபரோ

இதழ் வந்துவிட்டது. கட்டுரைக்குள் எல்லாம் முறைவீச்சாளர். தலைப்பில் மட்டும் இடம் போதவில்லை என்று வடிவமைப்பவர் ‘ஐந்தாவது பிட்சர் யார்?’ என்று மாற்றிவிட்டார். அப்பா வாசித்தார். “இப்ப விளங்குது” என்றார். தலைப்பைச் சொன்னாரா கட்டுரையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கேச்சர்களைப் பற்றி எழுதுகிறேன். ‘பிடிப்பாளர்’ என்று போடப் போகிறேன். யாரும் பதில் எழுத வேண்டாம்.

செவ்வாய், 2 ஜனவரி
ந., மதுரை

பிடி என்பது பெண் யானை, ஐயா.